ஆபீஸ் செடி ஏன் வாடுகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

திருநெல்வேலி, தென்காசி மாவட்ட வாசகர்கள் சிறிய அலுவலகங்களில் செடி வளர்ப்பதுபற்றி அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

பாளையங்கோட்டையில் 10-க்கு 12 அடி அறையில் வக்கீல் ஆபீஸ். வடக்குப் பக்கம் ஒரே ஒரு ஜன்னல். காலை 10 மணி முதல் இரவு 8 வரை ஏசி ஓடும். அரேக்கா பனையும் குரோட்டன்ஸும் வாங்கி வைத்தோம். குரோட்டன்ஸ் மூன்றே வாரத்தில் இலையெல்லாம் கொட்டி மொட்டையாகிவிட்டது. பனை நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வருகிறது. எங்கள் அறைக்கு எந்தச் செடிதான் ஒத்துவரும்?

செடி வாங்குமுன் அறையின் வெளிச்சத்தை அளந்துவிடுங்கள். காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. காலை 11 மணிக்கு லைட்டையெல்லாம் அணைத்துவிட்டு, செடி வைக்கப்போகிற இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரியுங்கள். ஒரு அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல்களின் நிழல் தனித்தனியாக, ஓரம் தெளிவாக விழுந்தால் நல்ல வெளிச்சம். கை என்று தெரிகிறது, ஓரம் மங்கல் என்றால் நடுத்தரம். நிழலே தெரியவில்லை என்றால் அங்கே எந்தச் செடியும் வளராது, சில செடிகள் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். நம் கண் இருட்டுக்குச் சீக்கிரம் பழகிவிடும் என்பதால், கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற அறையே செடிக்குப் பட்டினி அறையாக இருக்கும். ஜன்னலிலிருந்து 3 அடியில் கிடைக்கிற வெளிச்சத்தில் 8 அடி தள்ளிப் போனால் கால் பங்குகூட மிஞ்சாது. கண்ணாடியில் கறுப்பு பிலிம் ஒட்டியிருந்தால் இன்னும் குறையும்.

வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் ஊருக்கு அது முழுக்கப் பொருந்தாது. திருநெல்வேலி நிலநடுக்கோட்டிலிருந்து 8.7 டிகிரி வடக்கில்தான் இருக்கிறது. அதனால் சித்திரைப் பிறப்பு தொடங்கி ஆவணி நடு வரைக்கும் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நகர்ந்துவிடும். அந்த நாலரை மாதமும் காலையிலும் சாயங்காலமும் வடக்கு ஜன்னலில் சாய்ந்த வெயில் விழும். உங்கள் ஜன்னலோரம் செடிக்குத் தாராளமாகப் போதும். ஐப்பசியிலிருந்து மாசி வரை மங்கும். அப்போது தொட்டியை ஜன்னலுக்கு ஒட்டி நகர்த்துங்கள்.

இனி உங்கள் இரண்டு செடிகள். குரோட்டன்ஸுக்கு நேர் வெயில் வேண்டும், அந்த வண்ணமே வெயிலில் வருவதுதான். அறைக்குள் அது நிலைக்காது. ஆனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. வாசலிலோ மாடியிலோ காலை வெயில் படும் இடத்தில் வைத்தால் ஒரு மாதத்தில் துளிர்க்கும். அரேக்காவை ஜன்னலிலிருந்து 2 அடிக்குள், ஏசிக் காற்று நேரே அடிக்காத பக்கம் வையுங்கள். குளிர்காற்று படும் இலை வேரிலிருந்து தண்ணீர் ஏறி வருவதற்குள் ஈரத்தை இழந்துவிடுகிறது. கடைசியாகத் தண்ணீர் போய்ச் சேரும் இடம் நுனி, அதனால் நுனிதான் முதலில் காயும். ஏசி வாயிலிருந்து 5, 6 அடியாவது விலகியிருக்க வேண்டும்.

அறையின் உள்பக்கத்துக்கு ஜீஜீ பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், பச்சை மணி பிளான்ட், அக்லோனிமா ஆகிய நாலில் ஒன்றை எடுங்கள். முதல் செடி என்றால் எங்கள் வாக்கு ஜீஜீக்கு. மண்ணுக்குள் உருளைக்கிழங்கு மாதிரி கிழங்கு வைத்து அதில் தண்ணீரைச் சேமித்துக்கொள்ளும். ஸ்நேக் பிளான்ட் நம் பக்கத்து மருளின் இனம்தான், வறட்சி அதற்குப் பழக்கம். அக்லோனிமாவில் இலை முழுக்கச் சிவப்பாக இருக்கிற வகையை உள்பக்கத்துக்கு வாங்காதீர்கள். பச்சை அதிகமுள்ள இலையே குறைந்த வெளிச்சத்தில் பிழைக்கும்.

நர்சரியின் பச்சை வலைக்கு அடியிலிருந்து நேரே ஏசி அறைக்குக் கொண்டுவந்தால் இரண்டு மூன்று வாரம் சில இலைகள் பழுத்து விழும். அது இடம் பழகும் காலம். அந்த நேரத்தில் பயந்துபோய் உரம் போடுவதும் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுவதும்தான் செடியைக் கொல்கிறது.

வண்ணார்பேட்டையில் இன்சூரன்ஸ் ஆபீஸ். எங்க ஆபீஸ் கூட்ட வரும் அக்கா தினமும் காலையில் ஒரு டம்ளர் தண்ணீர் தவறாமல் ஊற்றுகிறார்கள். அப்படியும் மணி பிளான்ட் அடியிலிருந்து மஞ்சளாகி வருகிறது, இலையும் துவண்டு தொங்குகிறது. தண்ணீர் போதவில்லையா?

தண்ணீர் அதிகம். மண் ஈரமாக இருக்கும்போதே இலை துவண்டால் வேர் அழுகுகிறது என்று அர்த்தம். வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு இடையில் இருக்கும் காற்றிலிருந்துதான் அது ஆக்சிஜன் எடுக்கிறது. அந்த இடைவெளியெல்லாம் நாள் முழுக்கத் தண்ணீராகவே நின்றால் வேர் மூச்சுத்திணறிச் சாகிறது, செத்த வேரில் பூஞ்சை ஏறுகிறது. வேர் போன செடியால் பக்கத்தில் இருக்கிற தண்ணீரைக்கூடக் குடிக்க முடியாது. அதனால்தான் வாடுகிறது. வாட்டத்தைப் பார்த்து இன்னும் ஊற்றுகிறோம், கதை முடிந்துவிடுகிறது. வெயிலில் நிற்கும் செடி ஒரு நாளில் குடிக்கிற தண்ணீரை, நிழலில் நிற்கும் செடி ஒரு வாரம் வைத்துக் குடிக்கும்.

இப்போதே செய்யுங்கள். செடியை மண்ணோடு வெளியே எடுத்து வேரைக் கழுவுங்கள். நல்ல வேர் வெள்ளையாக, விரலுக்கு உறுதியாக இருக்கும். அழுகியது பழுப்பாகிக் கொழகொழவென்று இருக்கும், இழுத்தால் தோல் மட்டும் கையோடு வரும், நாற்றமும் அடிக்கும். கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டு அழுகியதையெல்லாம் வெட்டிவிடுங்கள். ஒரு மணி நேரம் நிழலில் ஆறவிட்டு, புது மண்கலவையில், முன்னைவிடச் சின்னத் தொட்டியில் நடுங்கள். வேர் குறைந்த செடிக்குப் பெரிய தொட்டி கூடாது. குடிக்க ஆளில்லாத மண்ணில் ஈரம் தேங்கிக்கொண்டே இருக்கும். பாதிக்கு மேல் வேர் போயிருந்தால் கொடியைக் காப்பாற்றுங்கள். இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக வெட்டி, அடிக்கணு தண்ணீருக்குள் இருக்கும்படி பாட்டிலில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும்.

அக்காவிடம் டம்ளருக்குப் பதிலாக ஒரு குச்சியைக் கொடுங்கள். ஆபீஸில் சாமி படத்துக்கு ஏற்றி எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சி போதும். தொட்டி ஓரமாக 2 அங்குலம் குத்தி, ஒரு நிமிஷம் விட்டு எடுங்கள். மண் ஒட்டியிருந்தாலோ குச்சி கறுத்து நனைந்திருந்தாலோ இன்று தண்ணீர் வேண்டாம். காய்ந்து வந்தால் ஊற்றலாம். ஜீஜீ, ஸ்நேக் பிளான்டுக்குக் குச்சி தொட்டியின் பாதி ஆழம் வரை காய்ந்து வர வேண்டும். அவற்றுக்கு 3, 4 வாரத்துக்கு ஒரு முறைகூட ஆகலாம்.

ஊற்றும்போது அரைகுறையாக ஊற்றக் கூடாது. 6 அங்குலத் தொட்டிக்கு 250 முதல் 300 மில்லி, அடித்துளை வழியாக வடியும் வரை மெதுவாக ஊற்றுங்கள். அரைமணி நேரம் கழித்துத் தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். தினம் ஒரு டம்ளர் ஊற்றினால் மேல்மண் எப்போதும் சொதசொதப்பாக இருக்கும், அடிவேர் எப்போது நனைகிறது, எப்போது காய்கிறது என்று யாருக்கும் தெரியாது. எடைத்தராசு உள்ள கடைக்காரர்களுக்கு இன்னும் சுலபம். தண்ணீர் வடிந்ததும் தொட்டியை நிறுத்து, எடையைத் தொட்டியிலேயே மார்க்கரால் எழுதிவையுங்கள். குச்சி காய்ந்து வரும் நாளில் இன்னொரு முறை நிறுத்து அதையும் எழுதுங்கள். அதன்பிறகு குச்சியே வேண்டாம்.

வள்ளியூரில் கம்ப்யூட்டர் சென்டர். போர்த் தண்ணீர்தான். ஸ்பைடர் பிளான்டின் நுனியெல்லாம் பழுப்பாகிறது, மண்தொட்டியின் வெளியே வெள்ளையாகப் பூக்கிறது. ஏசியிலிருந்து வடியும் தண்ணீரையும் ஆர்ஓ கழிவுத் தண்ணீரையும் ஊற்றலாமா?

அந்த வெள்ளைப் பூப்பு உப்பு. வள்ளியூர், ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் பல கிணறுகளில் இந்தச் சிக்கல் உண்டு. ஊற்றிய தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். தோட்டத்து மண்ணில் மழை அதைக் கழுவிவிடும், அறைக்குள் இருக்கும் தொட்டிக்கு மழை ஏது? மாதத்துக்கு மாதம் சேர்ந்து, வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாத அளவுக்கு உப்பு கூடிவிடுகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள். 300-க்குள் என்றால் எல்லாச் செடிக்கும் ஆகும். 500, 600 வரை ஜீஜீ, ஸ்நேக் பிளான்ட், மணி பிளான்ட் தாங்கும். 1000-க்கு மேல் எதற்கும் வேண்டாம்.

ஆர்ஓ கழிவில் உங்கள் போர்த் தண்ணீரைவிட உப்பு கூடுதல். தரை துடைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏசித் தண்ணீர் நல்லது. காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கிய நீர் என்பதால் அதில் உப்பே கிடையாது. சத்தும் கிடையாது, அதனால் பாதி ஏசித் தண்ணீரும் பாதி போர்த் தண்ணீருமாகக் கலந்து ஊற்றுங்கள். சேர்த்த நீரை மூடி போட்ட கேனில் வையுங்கள். மழை நாளில் மாடித் தண்ணீரை இரண்டு கேன் பிடித்து மூடிவைத்தாலும் பல வாரம் ஓடும்.

தேங்கிய உப்பை வெளியேற்ற, 2 லிட்டர் மண் பிடிக்கும் தொட்டிக்கு 6 லிட்டர் நல்ல தண்ணீர், அதாவது தொட்டி அளவைப்போல மூன்று பங்கு, கால் மணி இடைவெளி விட்டு மூன்று தவணையாக ஊற்றி வடியவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்தால் போதும். பழுப்பான நுனி திரும்பப் பச்சையாகாது. கத்தரிக்கோலால் இலை வடிவத்துக்கே சாய்வாக வெட்டலாம், ஆனால் பச்சைத் தசையைத் தொடாமல் ஒரு நூல் பழுப்பை விட்டு வெட்டுங்கள். இல்லாவிட்டால் வெட்டிய இடத்திலிருந்து மறுபடி காயும்.

தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிற ஊர்க்காரர்களுக்கு இந்த உப்புத் தொல்லை குறைவு. குளோரின் வாடை அடித்தால் வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்து, காலையில் ஊற்றுங்கள்.

சங்கரன்கோவில். எங்கள் ஊர்க் கரிசல் மண்ணையே தொட்டியில் போட்டோம். ஊற்றினால் தண்ணீர் இறங்கவே மாட்டேன் என்கிறது, விட்டால் பாளமாக வெடிக்கிறது. அடியில் ஜல்லி போட்டும் பயனில்லை.

கரிசல் பருத்திக்கும் கம்புக்கும் அருமையான மண். தொட்டிக்கு ஆகாது. நனைந்தால் உப்பிப் பெருகும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், வெடிக்கும்போது மெல்லிய வேர்கள் அறுந்துபோகும். வெடிப்பு வழியாக ஊற்றிய தண்ணீர் நேரே வெளியே ஓடிவிடும், நடுக்கட்டி நனைந்திருக்காது.

கலவை இப்படி: சலித்த செம்மண் 2 பங்கு, கழுவிய கோகோபீட் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, உமிக்கரி 1 பங்கு. ஜீஜீ, ஸ்நேக் பிளான்டுக்குக் கோகோபீட்டை ஒரு பங்காகக் குறைத்து, அந்த இடத்தில் பட்டாணி அளவு செங்கல் சல்லி 1 பங்கு சேருங்கள். கோகோபீட் கதம்பையிலிருந்து வருவது, அதில் இயல்பாகவே உப்பு இருக்கும். வாளித் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிவதை மூன்று முறையாவது செய்யுங்கள். உமிக்கரி என்று சொல்லி அரிசி ஆலைக் கொதிகலனின் வெள்ளைச் சாம்பலை வாங்கிவிடாதீர்கள், அது காரம் கூடியது. கறுப்பாக, உமியின் வடிவம் கெடாமல் இருப்பதுதான் கரி. கிடைக்காவிட்டால் சிரட்டைக் கரியைத் தட்டிப் போடலாம்.

அடியில் ஜல்லி போடும் வழக்கத்தை விட்டுவிடலாம். மெல்லிய மண்ணிலிருந்து பருத்த ஜல்லிக்குத் தண்ணீர் சுலபத்தில் இறங்காது. ஜல்லிக்கு மேலேயே ஒரு ஈர அடுக்கு நின்றுகொள்ளும். ஜல்லி போட்டதால் அந்த ஈர அடுக்கு வேருக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது, அவ்வளவுதான் மிச்சம். துளையின்மேல் ஒரு கொசுவலைத் துண்டு போட்டு, முழுக்கக் கலவையால் நிரப்புங்கள். துளையில்லாத பீங்கான் தொட்டி அழகாக இருக்கிறது என்று வாங்கியிருந்தால், பிளாஸ்டிக் தொட்டியோடு செடியை அதற்குள் இறக்கிவையுங்கள்.

ஸ்நேக் பிளான்ட் ராத்திரியில் ஆக்சிஜன் விடும், ஆபீஸ் காற்றைச் சுத்தமாக்கும் என்கிறார்களே? (அம்பாசமுத்திரம்)

இரண்டுமே மிகைப்படுத்தல். ஸ்நேக் பிளான்ட் தண்ணீரை மிச்சப்படுத்துவதற்காக இலைத்துளைகளை இரவில் திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்ளே எடுத்துச் சேமிக்கிறது. ஆக்சிஜன் உண்டாக வெளிச்சம் வேண்டும், அது பகலில்தான் நடக்கும். காற்றுச் சுத்தம் என்ற பேச்சுக்கு 1989-இல் நாசாவுக்காக வுல்வர்டன் நடத்திய ஆய்வு காரணம். அது காற்றுப் புகாத சின்னப் பெட்டிகளில் செய்தது. 2019-இல் கம்மிங்ஸ், வாரிங் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, சாதாரணக் கட்டடத்தில் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடி செய்ய ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வேண்டும் என்று வந்தது. செடி வையுங்கள், கண்ணுக்குக் குளிர்ச்சி. காற்றுக்கு ஜன்னலைத் திறங்கள்.

பொங்கலுக்கு ஐந்து நாள் ஆபீஸ் பூட்டு. பத்துத் தொட்டி இருக்கிறது. சாவி வைத்திருக்கிற யாரும் ஊரில் இருக்க மாட்டார்கள். (திருநெல்வேலி டவுன்)

தை மாதத்து ஐந்து நாளுக்குப் பெரும்பாலான செடிகளுக்கு ஒன்றுமே செய்ய வேண்டாம். கிளம்பும் நாள் குச்சி வைத்துப் பார்த்து, காய்ந்திருப்பவற்றுக்கு மட்டும் முழுக்க ஊற்றி வடித்துவிட்டு, ஜன்னலிலிருந்து 2 அடி உள்ளே தள்ளி எல்லாவற்றையும் நெருக்கி வையுங்கள். பீஸ் லில்லி மாதிரி தண்ணீர் தாகம் உள்ள செடி இருந்தால் திரி போடுங்கள். பென்சில் பருமன் நைலான் கயிற்றை நன்றாக நனைத்து, ஒரு முனையை மண்ணில் 3 அங்குலம் புதைத்து, மறு முனையை ஒரு லிட்டர் பாட்டிலின் அடிவரை விடுங்கள். பாட்டில் தொட்டி மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும், மேலே இருந்தால் ஒரே ராத்திரியில் முழுவதும் இறங்கிவிடும். லீவுக்கு ஒரு வாரம் முன்பே வைத்துச் சோதித்துவிடுங்கள்.

சித்திரை, வைகாசி லீவுதான் ஆபத்தானது. தகர ஷீட் கூரையோ மேற்குக் கண்ணாடியோ இருந்தால், ஏசி ஓடாத பூட்டிய அறை உலையாகிவிடும். கண்ணாடியை ஒட்டிய இலை வெந்தே போகும். திரைச்சீலையை இழுத்துவிட்டு, தொட்டிகளை உள்சுவர் ஓரம் தரையில் வையுங்கள், தரையில்தான் வெக்கை குறைவு. ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டுப் போகாதீர்கள். தென்காசிக்குச் சாரல் தருகிற அதே காற்று டவுனுக்கு வரும்போது ஈரமெல்லாம் போய் வறண்டுவிடுகிறது. ஒரே நாளில் தொட்டியைக் காயவைத்துவிடும்.

மேலப்பாளையத்தில் ஜெராக்ஸ் கடை, ஜன்னலே கிடையாது. டியூப்லைட்டிலேயே செடி வளருமா?

தனியாக ஒரு விளக்கு வைத்தால் வளரும். மேற்கூரை டியூப்லைட் 7, 8 அடி தள்ளி இருப்பதால் செடிக்கு வந்து சேர்வது கொஞ்சம்தான். 20 வாட் எல்இடி டியூப் ஒன்றை, 6500 கெல்வின் என்று போட்ட வெள்ளை நிறத்தில் வாங்கி, அலமாரித் தட்டுக்கு அடியில், இலையிலிருந்து ஒரு அடி முதல் ஒன்றரை அடி உயரத்தில் பொருத்துங்கள். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் எரிந்தால் மாதம் 7 யூனிட் சொச்சம் ஆகும். டைமர் பிளக் போட்டுவிட்டால் கடை லீவு நாளிலும் தானே எரிந்து அணையும். மணி பிளான்டும் அக்லோனிமாவும் இதற்கு நன்றாக வரும். கடைத் தூசி இலையில் படிந்தால் கிடைக்கும் வெளிச்சமும் வீண், 15 நாளுக்கு ஒருமுறை ஈரத்துணியால் இரண்டு பக்கமும் துடையுங்கள். பளபளப்புக்காகத் தேங்காயெண்ணெயோ பாலோ தடவ வேண்டாம், இலைத்துளை அடைத்துக்கொள்ளும்.

துளசியை ஆபீஸ் சாமி படத்துக்குக் கீழே வைக்க ஆசை. மூன்று முறை வைத்தும் பட்டுப்போயிற்று. (கல்லிடைக்குறிச்சி)

துளசிக்கு தினம் 5, 6 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். அறைக்குள் எவ்வளவு பக்குவம் பார்த்தாலும் நிலைக்காது. தொட்டியை வாசலில் கிழக்கு வெயிலில் வைத்து, காலையில் நாலு இலை பறித்துப் படத்துக்கு வையுங்கள்.

பல் ஆஸ்பத்திரி வரவேற்பறை. தொட்டியைச் சுற்றிச் சின்னச் சின்னக் கறுப்பு ஈக்கள் பறக்கின்றன. போதாததற்கு, தட்டில் கொசுப்புழு இருக்கிறது என்று சுகாதாரத் துறையினர் எச்சரித்துவிட்டுப் போனார்கள். குழந்தைகளும் வந்துபோகும் இடம். செடியையே எடுத்துவிடலாமா? (தென்காசி)

எடுக்க வேண்டாம். மூன்றுக்கும் தனித்தனி வழி இருக்கிறது.

கறுப்பு ஈ கடிக்காது. அதன் புழு ஈர மேல்மண்ணில் இருக்கும் பூஞ்சையைத் தின்று வளர்கிறது. மிச்ச டீயையும் டீத்தூளையும் யாராவது தொட்டியில் கொட்டுகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். பாலும் சர்க்கரையும் மண்ணில் பூஞ்சையையும் எறும்பையும் சேர்த்து அழைத்துவரும். மேல்மண் 2 அங்குலம் காயும் வரை தண்ணீரை நிறுத்துங்கள். பிறகு மேலே ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பருமணல் பரப்புங்கள், ஈ முட்டையிட இடம் இருக்காது. மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்றைத் தொட்டியில் செருகினால் பறப்பவை ஒட்டிக்கொள்ளும். மண்ணில் இருக்கும் புழுக்களும் ஈயாகி முடிய மூன்று நாலு வாரம் ஆகும், அதுவரை பொறுமை வேண்டும். சாரல் மாதங்களில் உங்கள் ஊரில் மண் காயவே காயாது, ஆகவே ஆனியிலிருந்து ஆவணி வரை வழக்கமான தண்ணீரில் பாதி போதும். இலையில் தெளிப்பதையும் நிறுத்திவிடுங்கள், கறுப்புப் புள்ளி விழும்.

கொசு விஷயத்தில் அவர்கள் சொன்னது சரிதான். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான, கொஞ்சமாகத் தேங்கிய தண்ணீரைத்தான் தேடும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒரு நாள் தட்டைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். பாட்டிலில் வளரும் மணி பிளான்டுக்கும் இதே விதி: வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றி, உள்சுவரைத் தேய்த்து, பாட்டில் வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள்.

குழந்தைகள் வரும் அறையில் டைபன்பேக்கியா மட்டும் இருக்கவே கூடாது. பெரிய இலையில் வெள்ளைத் திட்டு உள்ள செடி அது. இலையைக் கடித்தால் அதிலிருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் வாயிலும் நாக்கிலும் குத்தி எரிச்சலும் வீக்கமும் உண்டாக்கும். மணி பிளான்ட், அக்லோனிமா, பீஸ் லில்லி, ஜீஜீ எல்லாம் அதே குடும்பம்தான். அவற்றைக் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள். தரைமட்டத்தில் வைக்க ஸ்பைடர் பிளான்ட், பெப்பரோமியா, அரேக்கா பனை மூன்றும் பயமில்லாதவை. யாராவது கடித்துவிட்டால் வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கவைத்து, குளிர்ந்த தண்ணீரோ பாலோ குடிக்கக் கொடுங்கள். உதடோ தொண்டையோ வீங்கினால் தாமதிக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள், செடியின் ஒரு இலையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.